பழைய பைக்கில் புகை, ஆயில் கசிவு, இடையில் நிற்றல்: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?
ஃபோர் ஸ்ட்ரோக் பைக் நீலப் புகை விடுகிறது, ஆயில் கசிகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது, எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிப்பதற்கு முன், புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் குபுக்கென்று வந்து அடங்கினால், இரவில் வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியே இறங்கிய ஆயில் எரிகிறது என்று பொருள்; ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ரிங் தேய்மானத்தை உறுதிப்படுத்த, கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை) அளந்த பின், ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவு குறைவாக இருந்து, இப்போது கணிசமாக உயர்ந்தால் ரிங் அல்லது சிலிண்டர்; உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை அல்லது ஹெட் கேஸ்கெட் கசிகிறது. வால்வு சீல் கோளாறு இந்தச் சோதனையில் தெரியாது. கறுப்புப் புகை வேறு கதை. அதற்கு ஏர் ஃபில்டரையும் சோக்கையும் முதலில் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, எஞ்சினை நன்றாகத் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். பவுடர் முதலில் நனையும் இடமே மூலம், கீழே சொட்டும் இடம் அல்ல. புதிய கேஸ்கெட் (பாகங்கள் சேரும் இடத்தை அடைக்கும் தகடு) போட்டும் கசிந்தால், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்து உள்ளழுத்தம் கூடியிருக்கலாம்.

வண்டி நிற்பதற்குப் புகைதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள், ஆயில் படிந்த பிளக்கும் வண்டியை நிறுத்தும் என்றாலும். நின்றபின் டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றை இழுத்து, பிறகு ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையெனில், சூடு ஆறுவதற்குள் பிளக்கில் பொறி வருகிறதா என்று சோதியுங்கள். வராவிட்டால் பிளக், இக்னிஷன் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தருவது) அல்லது பல்ஸர் காயில் (பொறி வர வேண்டிய நேரத்தைக் காட்டுவது) பழுதாகியிருக்கலாம். வந்தால், வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) குறைந்திருக்கிறதா என்று எஞ்சின் முழுவதும் ஆறிய பின் அளந்து பாருங்கள்.