பதினொன்றிலிருந்து ஒன்று வரை தம்பி எங்கே?

கேள்வி: கோவையில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒரு தம்பி குடும்பத்தோடு பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய், ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். கெட்டிக்காரர். ஆனால் ஐந்தாறு மாதமாகக் காலை 11 முதல் 1 வரை ஆளைப் பிடிக்கவே முடிவதில்லை. மாலை மூன்றரைக்கு மேல் ஒரு மணி நேரமும் அப்படித்தான். போன் அடித்துக்கொண்டே இருக்கும், வாட்ஸ்அப் ஒற்றை டிக்கிலேயே நிற்கும். கேட்டால், “கரண்ட் இல்ல சார், நெட் இல்ல சார்.” வேலை என்னவோ ராத்திரிக்குள் முடிந்துவிடுகிறது. போன மாதம் 20ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் ஓடிபியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டேன். மற்றவர்கள், “நாங்க மட்டும் ஒன்பதரைக்கு வரணுமா?” என்கிறார்கள். அவருடைய லேப்டாப்பைக் கண்காணிக்கும் மென்பொருள் போடலாமா, இல்லை ஆளையே நிறுத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் அந்த மென்பொருளை ஓரமாக வைத்துவிடலாம். கொரோனா காலத்தில் என் பொறுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார்கள். டீம்ஸ் என்ற அலுவலகச் செயலியில் ஐந்து நிமிடம் மவுஸைத் தொடாமல் இருந்தால், ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். ஒரு பையனுக்கு மட்டும் நாள் முழுக்கப் பச்சை. எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து அதன் மேல் மவுஸை வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். நொடி முள் ஓடுவதை மவுஸ் யாரோ தன்னை நகர்த்துவதாக எடுத்துக்கொள்கிறது. ஆக, நான் பாராட்டியது ஒரு கடிகாரத்தை. 2024ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வதுபோல விசைப்பலகை அசைவைப் போலியாக உண்டாக்கியதாகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. வங்கிக்கே இந்தப் பாடு என்றால், ஏழு பேர் அலுவலகத்தில் நீங்கள் திருடன் போலீஸ் விளையாட வேண்டாம். அப்படியே மென்பொருள் போட்டாலும், தம்பி 11 மணிக்கு லேப்டாப் முன்னால் இல்லை என்றுதான் அது சொல்லும். அது உங்களுக்கே தெரியும். எங்கே போகிறார் என்று அதற்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: “வேலை என்னவோ ராத்திரிக்குள் முடிந்துவிடுகிறது.” சரி, அப்படியானால் உங்களுக்கு நஷ்டம் எதில்? கடைசி நாளான 20ஆம் தேதி பகலில் ஜிஎஸ்டி போர்டல் எந்த வேகத்தில் நகரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து 3பி என்கிற மாதாந்திர வரி ரிட்டர்ன் போடுகிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓடிபி ராத்திரிக்குக் காத்திருக்காது. கடைக்காரர் கல்லாவில் நின்றுகொண்டு எண்ணைச் சொல்கிறார், சில நிமிடத்துக்குள் இந்தப் பக்கம் ஒருவர் அதைப் போட்டாக வேண்டும். ஒரு நாள் தாமதம் என்றால் வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். காசு சின்னதுதான். ஆனால் அந்தக் கடைக்காரர் அடுத்த வருடம் வேறு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்வார்.

ஆக உங்களுக்கு அவர் கட்டாயம் கையில் கிடைக்க வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கிறது. விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி, இந்த இரண்டுக்கும் முன்னால் மூன்று மூன்று நாள். மற்ற நாளில் காலையில் ஒரு மணி நேரம், மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் போதுமோ என்னவோ, கணக்குப் போட்டுப் பாருங்கள். இதை அவரிடம் என்றைக்காவது வாய்விட்டுச் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அலுவலகத்தில் இருந்தவரை ஒன்பதரை, ஆறு என்று கடிகாரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போன பிறகு அவரே ஒரு நேரம் வைத்துக்கொண்டார், நீங்களும் ஒரு நேரம் வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்து அந்தக் கரண்ட். டெல்டா பக்கத்து ஊர்களில் கரண்ட் போவது உண்மைதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மாலைதான் வரும். ஆனால் அது முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் வருவது. தினமும் சரியாகப் பதினொன்றுக்குப் போய் ஒன்றுக்குத் திரும்புகிற கரண்டை நான் பார்த்ததில்லை. போன் அடிக்கிறது என்றால் டவரும் இருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக ஒரு மனிதர் காணாமல் போனால், அவருக்கு அந்த நேரத்தில் எங்கோ ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றரை மணி எனக்குப் புரிகிறது. ஊரில் பள்ளிக்கூடம் விடும் நேரம். பதினொன்று முதல் ஒன்றுதான் இடிக்கிறது. வீட்டில் பெரியவர் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாரோ? இருக்கலாம். உங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு, அது உங்களுக்கும் தோன்றியிருக்கும், எழுதக் கூச்சப்பட்டிருப்பீர்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் சொந்த ஊரில் இருந்தால் உரக்கடைக்காரரும் ஹார்டுவேர் கடைக்காரரும் சும்மா விட மாட்டார்கள். “தம்பி, நம்ம கடை பில்லையும் கொஞ்சம் பாத்துக் குடு” என்பார்கள். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று நாலு கடை சேர்ந்தால் பதினொன்றிலிருந்து ஒன்று வரை போய்விடும்.

இதில் எது என்று நானோ நீங்களோ ஊகிக்கத் தேவையில்லை. கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரூப்பில் வேண்டவே வேண்டாம். முதல் நாளே, “நாளைக்குப் பத்து மணிக்கு அரை மணி நேரம் பேசணும், ப்ரீயா வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எதற்காகத் தேடினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். “நீங்க எப்பவுமே போன் எடுக்கறதில்ல” என்று ஆரம்பித்தால் அவர் ஒரு நாள் எடுத்ததைச் சொல்லிக்காட்டுவார், பேச்சு அத்தோடு திசை மாறிவிடும். “தம்பி, பதினொன்னுல இருந்து ஒன்னு வரைக்கும் உங்களுக்கு வேற ஏதோ வேலை இருக்குன்னு தெரியுது. என்னன்னு சொன்னா ஏற்பாடு பண்ணலாம்” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கரண்ட் பேச்சை மறுபடி எடுத்தால், இன்வெர்ட்டரில் மோடத்தை மாட்டிக்கொள்ளும் செலவை அலுவலகமே தரும் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே கரண்ட்தான் சிக்கல் என்றால் சந்தோஷப்படுவார்.

வீட்டுப் பாரம் என்றால் தீர்வு சுலபம். அந்த இரண்டு மணி நேரத்தை அவருக்கே விட்டுவிட்டு, எட்டரைக்கு ஆரம்பிக்கச் சொல்லலாம். 20ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் மட்டும் மாற்று ஏற்பாடு கேளுங்கள். இதே சலுகை மற்ற ஆறு பேருக்கும் தேவைப்பட்டால் உண்டு என்று சொல்லிவிட்டால் முணுமுணுப்பு பாதி அடங்கும். அவருடைய வீட்டு விஷயத்தை அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கடைக் கணக்குதான் என்றால், அங்கே தயவு காட்டாதீர்கள். உங்களிடம் சம்பளம் வாங்கும் நேரத்தில் வேறு இடத்துக் கணக்கு எழுதக் கூடாது. அதோடு உங்கள் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் வேறு அவர் கையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டால் அது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால், உங்கள் வாடிக்கையாளர் யாரும் அதில் இல்லை என்றால் விட்டுவிடுவேன்.

உங்கள் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பும் செய்தி எப்படி இருக்கும்? “தம்பி”, “இருக்கீங்களா”, “கால் பண்ணுங்க” என்று மூன்று வந்தால் அதில் எது ஓடிபி, எது ஆகஸ்ட் மாதப் பழைய பில் என்று யாருக்குத் தெரியும்? அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் விஷயத்தோடு ஒரே செய்தியில், பதில் இரண்டு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும், ஒத்துக்கொண்டதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் பிறகு இரண்டு மாதம் அதே கதை என்றால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம், அப்போது குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் சட்டென்று செய்ய முடியாது. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்தத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால், நடத்தைக் குற்றம் சாட்டி விசாரணை வைத்து ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாலு வரி மின்னஞ்சல் அங்கேயும் உதவும்.

இந்தப் பேச்சை 22, 23ஆம் தேதி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் தேதி கூப்பிட்டால் இரண்டு பேருக்குமே பொறுமை இருக்காது.