முதலில் அந்தத் தனித் தட்டை எடுத்துவிடுங்கள்
சகோதரி, மகளின் கன்னத்தில் வெண்புள்ளி வந்ததும் மாமியார் ‘பாவத்தின் சம்பளம்’ என்று தனித் தட்டு ஒதுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. வெண்புள்ளி (விட்டிலிகோ) தொற்றவே தொற்றாது. உடலின் எதிர்ப்பு அணுக்களே நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது. இதில் கிருமியே கிடையாது. ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயர் செய்த கெடுதல் கொஞ்சமா! (அசல் தொழுநோயே இன்று கூட்டு மருந்தில் குணமாகிறது.)

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். களிம்பும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் உண்டு. விரல் நுனியைவிட முகத்தில் நிறம் திரும்பும் வாய்ப்பு அதிகம். சிலருக்கு இதோடு தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதால் தைராய்டு பரிசோதனையையும் கேளுங்கள்.

மாமியாருக்கு வேதம்தான் வேண்டுமென்றால் பைபிளில் நீதிமான் யோபு இருக்கிறார். உடலெங்கும் கொடிய பருக்கள். ‘பாவம் செய்திருப்பாய்’ என்றார்கள் நண்பர்கள். கடைசியில் கடவுளின் கோபம் மூண்டது அந்த நண்பர்கள் மேல். யோபு புத்தகம் 42ஆம் அதிகாரம், மாமியாரையே வாசிக்கச் சொல்லுங்கள்.