மூன்று மாரத்தான் ஓடியிருக்கிறேன். மதுரைப் பக்கம் நடக்கும் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் சேரலாமா? நேரத்துக்குள் முடிக்காவிட்டால் அவமானமாக இருக்காதா?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் எழுத நிறையப் பேர் வருவார்கள். இரண்டாம் பாதிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். நான் ஓடிய ஒரே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் கொடுத்த கெடு பத்து மணி நேரம். நான் வந்து சேர்ந்தது பத்து மணி நேரம் பதினேழு நிமிடத்தில்.

கேட்டவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும், ஐடி வேலை, மூன்று மெடலும் டிவிக்குப் பக்கத்தில் தொங்கும், வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். எனக்கு நாற்பத்தாறு. சிம்மக்கல் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ‘முடிக்காதவன் என்ன அறிவுரை சொல்வது’ என்று கீழே எழுதப்போகிறவர்கள் இப்போதே எழுதிவிட்டுப் போகலாம். கருகின மோட்டாரைப் பிரித்தால்தான் எந்த இடத்தில் போனது என்று தெரியும். நான் கருகினவன், அவ்வளவுதான்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் அல்ட்ராதான், வழக்கமாக 50-இல் ஆரம்பிக்கும். எட்டுக் கிலோமீட்டர்தானே கூட என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

என் பயிற்சியெல்லாம் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் வண்டியூர்க் கண்மாய் நடைபாதையிலும்தான். இரண்டும் தோசைக்கல் மாதிரி சமம். மலை வேண்டுமே என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குப் போய்ப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவையும் ஏறினேன். இறங்கும்போது நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து இறங்கினேன். ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவதற்கு என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது என்ற நினைப்பு. அந்தப் பைக் சவாரிக்கு எவ்வளவு விலை கொடுத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, “குரங்கணி மறந்துபோச்சா?” 2018 மார்ச்சில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் போய்விட்டார்களே, அது. இது காட்டுக்குள்ளே இல்லை, மலையடிவாரமும் கண்மாய்க்கரையும்தான், அனுமதி வாங்கி நடத்துகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி மாதம், காலை ஐந்து மணி, கீழக்குயில்குடியில் சமணர்மலை அடிவாரத்தில் தொடக்கம். தூரத்துக் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மலை மேலே பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தீர்த்தங்கரர்கள் பாறையில் அசையாமல் இருக்கிறார்கள். கீழே நாங்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தோம். இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்று, இரண்டு தடவை. கண்மாய்க்கரை, ஒற்றையடிப்பாதை, தேனி ரோட்டைக் கடந்தால் நாகமலை ஓரம், நடுவில் பாறையில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம்.

முதல் சுற்றை மூன்று மணி பத்து நிமிடத்தில் முடித்தேன். கை தட்டினார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, முட்டாள்தனத்துக்குச் சொல்கிறேன். பத்து மணி நேரக் கெடுவில் முதல் பாதிக்கு நாலரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் என்னைச் சுற்றி எல்லாரும் நடந்தார்கள், நான் மட்டும் ஓடினேன். நடந்தவர்கள் எல்லாரும் முடித்தார்கள்.

எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள ஆள் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய எழுபது கலோரி செலவாகும். ஐம்பதுக்கு 3,500. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாக. ஆகவே ஓடும்போதே தின்றாக வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. மாரத்தானில் இரண்டு வாழைப்பழத்தில் சமாளித்துவிடலாம், இதில் முடியாது. வழியில் ஓடுகிறவர்களுக்காகப் போட்டிருந்த சாப்பாடு-தண்ணீர் மேசைகளில் கடலை மிட்டாய், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, புளியோதரை எல்லாம் வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை. வயிறு கெட்டுவிடும் என்று பயம். அதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் தண்ணீர் குடித்தேன். வெறும் தண்ணீர். வெயில் ஏற ஏற இன்னும் குடித்தேன்.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் மோதிரம் விரலைக் கடித்தது. கழற்றப் பார்த்தால் அசையவில்லை, விரலெல்லாம் வெண்டைக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. குமட்டல், தலைவலி. தாகம் மட்டும் இல்லை. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வியர்வையில் உப்பை இழந்துகொண்டே வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், வீக்கம், தலைவலியில் ஆரம்பித்து, முற்றினால் குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். உயிருக்கே ஆபத்து. எனக்கு வந்தது அதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நான் டாக்டரும் இல்லை.

தேனி ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. தள்ளாடிக்கொண்டே போய் ஊறுகாய் பாக்கெட் இருக்கா என்று கேட்டேன். நாக்கு உப்பைத்தான் கேட்டது, ஏன் என்று கேட்காதீர்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் நம்பர் குத்தியிருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, மணி ஒன்பதரை.

“என்னண்ணே, காலங்காத்தாலயேவா? கடையே பன்னெண்டு மணிக்குத்தான தொறப்பான்?”

விளக்கம் சொல்ல வாயில் தெம்பில்லை. நாலு பாக்கெட் வாங்கினேன். சின்னச் சின்ன பாக்கெட், மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தால் எண்ணெயும் உப்புமாக ஒரு விரல் அளவு மாங்காய். இரண்டை அங்கேயே நக்கினேன். எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. அவர் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துவைத்தார். வெளியாளிடம் உதவி வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, தெரியும். காசு கொடுத்துத்தான் வாங்கினேன், டம்ளரைத் தொடவில்லை. அதுவும் தப்பு என்றால் தப்புதான்.

அரைமணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்த பிறகு குமட்டல் அடங்கியது. நீங்கள் இவ்வளவு அசிங்கப்பட வேண்டியதில்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கிறது. தாகம் எடுத்தால் குடியுங்கள், தண்ணீர் மேசையைப் பார்த்ததற்காகக் குடிக்காதீர்கள். மரத்தடியில் என்னோடு உட்கார்ந்த இன்னொருவர் வலி மாத்திரை நீட்டினார். அதை மட்டும் வாங்கவில்லை. நீண்ட ஓட்டத்தில் ஐபூபுரூஃபன் வகை மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது, சோடியம் பிரச்சினையையும் கூட்டும். அந்த ஒரு புத்தியாவது இருந்தது.

அப்புறம் நாகமலை. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய பாம்பு மலையாகிப்போனது என்பது தலபுராணக் கதை. முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் அந்தப் பாறை இறக்கத்தில் இறங்கியபோது பாம்பு இன்னும் சாகவில்லை என்று தோன்றியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஏறுவதைவிட அதுதான் தசையை அதிகம் கிழிக்கும். சிறுமலையில் பைக்கில் இறங்கியவனுக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் ஷூ முனையில் போய் இடித்தது. இரண்டு நகமும் கறுத்து ஒரு மாதத்தில் கழன்றுவிட்டன. ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். சீமைக்கருவேல முள் எந்த ஷூவையும் துளைக்கும், அதற்கு என்னிடம் யோசனை இல்லை.

நாற்பதில்தான் பின்னால் ‘சரக், சரக்’ என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கல்லூரிப் பையன் ஒருவன், கையில் கத்தரிக்கோல், தோளில் குப்பைச் சாக்கு. வழிகாட்டக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைக் கருவேலங்கிளையிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டே வந்தான். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் இப்படி வருவார், ஸ்வீப்பர் என்று பெயர். அதாவது நான்தான் கடைசி. என் முதுகுக்குப் பின்னால் பாதை அழிந்துகொண்டே வந்தது.

“மெதுவாப் போங்க அங்கிள், ஒண்ணும் அவசரமில்ல” என்றான். அந்த ‘அங்கிள்’ முள்ளைவிட ஆழமாகக் குத்தியது.

பத்துக் கிலோமீட்டர் அவனோடு நடந்தேன். நான் நின்றால் அவனும் நிற்பான், செல்போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பான். நல்ல பையன். அவன் கேட்டுத்தான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். என் அப்பா இருபத்திரண்டு வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர். நூறு கிலோமீட்டருக்கு மேல், வெறுங்கால், தோளில் ஒரு மஞ்சள் பை. வழியில் பந்தலில் மோர் கொடுத்தால் உப்புக் கேட்டு வாங்கிப் போட்டுக் குடிப்பாராம். அவர் நகம் கழன்றதா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் காம்ரேட்ஸ் என்று ஒரு ஓட்டம் நடக்கிறது, தொண்ணூறு கிலோமீட்டர் போல. பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் ஒருவர் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். அதற்கப்புறம் யார் வந்தாலும் கணக்கில்லை. எங்களுக்குத் துப்பாக்கி இல்லை. நான் போனபோது சாமியானாக்காரர் குச்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், காற்றடைத்த வளைவு தரையில் பாதி படுத்துக் கிடந்தது. பிரியாணி தீர்ந்திருந்தது. மெடல் இல்லை. கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்தச் சான்றிதழில்தான் விஷயம். பதிவுப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயருக்கு நான் எங்கே போவது? அப்பா பெயரைப் போட்டேன். அச்சடித்தவர் என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அப்பா பெயரை முழுசாகப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டவர் என் அப்பா! அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இந்த நாட்டில் தமிழனின் இனிஷியலுக்கு இடமே கிடையாது. ஒரு அட்டையில் எழுத்து முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் விரித்து எழுதியே ஆகவேண்டும். அப்பா வைப்பு நிதியில் போட்டிருந்த பணத்தை வாங்க ஒரு வங்கிக் கிளைக்குப் பதினொரு தடவை நடந்தேன். நானும் நானும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். அந்தக் காகிதத்திலும் ஒரு புள்ளி விட்டுப்போனது. ஐம்பது கிலோமீட்டரைவிட அந்தப் பதினொரு நடை பெரிது.

சரி, அவமானமா என்று கேட்டீர்கள். ஆமாம், இருந்தது. அந்த இடத்தில் இல்லை, அங்கே யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் மச்சான் போன் செய்து “எத்தனையாவது வந்தீங்க மாப்ள?” என்று கேட்டபோது, “முடிச்சுட்டேன் மாமா” என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் எல்லாரிடமும் அதையே சொன்னேன். பொய் இல்லை, ஐம்பதும் நடந்தேன். உண்மையும் இல்லை. பிறகு கடைப் பையன் நேரத்தைக் கேட்க, சொல்லிவிட்டேன். அவன் “பதினேழு நிமிஷம்தானேண்ணே” என்றுவிட்டு ஸ்டார்ட்டரைக் கழற்றப் போய்விட்டான்.

சான்றிதழை அம்மா வாங்கி அப்பா படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறார். எடுத்துத் தா என்றால், “உன் பேரா போட்டிருக்கு?” என்கிறார்.

சேருங்கள். இறக்கத்தில் பழகுங்கள், உருளைக்கிழங்கு தின்னுங்கள். பதிவு செய்யும்போது கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துப் பாருங்கள், சில படிவம் ஏற்றுக்கொள்ளும்.