அறுவடைக்குப் போகும் உரிமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவில் ஒரு நூற்பாலையில் மூன்று வருடங்களாக வேலை பார்க்கிறேன். போன மாதம், கூட வேலை செய்யும் நண்பரின் ஊருக்குப் போயிருந்தேன். மத்திய ஜாவாவில் கிளாத்தேன் பக்கம். அன்று அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் புதிதாக ஓடு போட்டார்கள். ஊரிலிருந்து முப்பது நாற்பது பேர் வந்து சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். கூலி கிடையாது, சாப்பாடும் தேநீரும்தான். வீடுகளுக்கு நடுவே மதில்கூட இல்லை. இவர்களுக்கு என்னுடையது, உன்னுடையது என்ற எண்ணமே கிடையாது என்று தோன்றியது. நம் ஊரில் வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் வெட்டுக்குத்து. இந்தப் பண்பு பழைய இந்து ஜாவாவின் மிச்சம் என்று சொல்லலாமா? நண்பரின் அம்மா பெயரிலும் வயல் இருக்கிறது. பெண்களுக்கு நிலம் எப்படி வருகிறது?

ர.

அன்புள்ள ர.,

கூரையில் நிற்பவருக்குக் கீழிருந்து ஓடு கை மாறிப் போவதை உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே பார்க்க முடிந்தது. சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'என்னுடையது, உன்னுடையது என்ற எண்ணமே கிடையாது.' அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். அதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேட்ட இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்து மிச்சமா என்றால், பெயர்கள் மிச்சமிருக்கின்றன. அறுப்புக்கு முன் வயல் மூலையில் வைக்கும் 'விவித்' படையல், நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்கு. வைப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆனால் சேர்ந்து கூரை போடுவதற்கு மதம் காரணமில்லை. பெண்களுக்கு நிலம் வருவது பிறந்த வீட்டிலிருந்து. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு: ஆண் காவடித் தண்டின் இரு முனையிலும் சுமப்பான், பெண் முதுகுத் துணியில் ஒன்று சுமப்பாள் என்பார்கள். சமமாகப் பிரிக்கும் குடும்பங்களும் நிறைய. கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து சம்பாதித்தது 'கோனோ-கினி', இருவருக்கும் பொது. இது போதும்.

இப்போது அந்த வரி. ஜாவாக்காரர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது: நெற்றியில் ஒரு தொடுதல், ஒரு விரலகல மண், இரண்டுக்கும் உயிரைப் பணயம் வைப்போம். நெற்றி என்றது மனைவியை. நம் ஊரில் ஒரு சாணுக்கு வெட்டுக்குத்து என்று எழுதினீர்களே, அங்கே ஒரு விரலகலம். அவர்களுக்கா உடைமை எண்ணம் இல்லை?

உண்மையில் அவர்களுடைய கணக்கு நம்முடையதைவிட நுணுக்கமானது. நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் தென்னை இன்னொருவருடையது, மேலே இருக்கும் வீடு மூன்றாவது ஆளுடையது என்று இருக்கலாம். தென்னையை மட்டும் தனியாக அடகு வைக்கலாம். தேக்குச் சட்ட வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றி விற்கலாம். ஊர்த் தலைவருக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஊர் நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பது 'பெங்கோக்'. பதவி போனால் நிலமும் போகும். பக்கத்து வயலை விளைச்சலில் பாதி என்ற வாரத்துக்கு எடுத்து உழுகிறவருக்கு அது ஒரு தனிப் பிடிமானம். மதில் இல்லைதான். ஆனால் எந்த வாழை யாருடையது என்று அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

கூரை போட்டது 'சம்பாத்தான்'. கூப்பிட்டால் போக வேண்டும், அடுத்த முறை அவர்கள் வருவார்கள். கல்யாணம் காட்சி என்றால் அரிசி, சர்க்கரை, பணம் என்று யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்பதை நோட்டில் எழுதி வைப்பார்கள். அப்படியே நம் மொய் நோட்டு. அதனால் அன்பு குறைந்துவிடாது. ஆனால் கணக்கு இல்லாத ஊர் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் தவறு.

இந்தத் தவறு உங்களோடு ஆரம்பித்ததும் அல்ல. 1950களில் கிழக்கு ஜாவாவில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: பகிர்ந்துகொண்ட வறுமை. நிலம் குறையக் குறைய, இருப்பதை எல்லோரும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு சமமாக ஏழையாகிறார்கள் என்றார். 1970களில் வயலுக்கு வயல் போய் அளந்து பார்த்தவர்கள் மறுத்தார்கள். ஒரே ஊரில் சில ஹெக்டேர் வைத்திருப்பவரும் இருந்தார், வீட்டைச் சுற்றியிருக்கும் தோட்டத்தைத் தவிர ஒன்றுமில்லாதவரும் இருந்தார். ஒன்றுமில்லாதவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. 1996இல் ஒரு நீர்ப்பாசன ஆய்வுக் குழுவோடு, யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பந்துல் பகுதியில் ஒரு ஊரில் ஐந்து வாரம் இருந்தேன். நான் தங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டி இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் போல நானும் 'ம்பா' என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாக ஒரு பாத்தி வயல் கிடையாது. ஒரு நாள் மூங்கில் சுவரின் இடுக்கிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அனி-அனி. உள்ளங்கை அகல மரத் துண்டு, அதன் விளிம்பில் விரல் நீளத்துக்குச் சின்னதாக ஒரு தகடு, குறுக்கே கைப்பிடியாக ஒரு மூங்கில் குச்சி. விரல்களுக்கு நடுவே தகட்டை வைத்துப் பிடித்தால் வெளியே கத்தி இருப்பதே தெரியாது. ஒவ்வொரு கதிராக, தாளில் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். கத்தியைப் பார்த்தால் தேவி ஸ்ரீ பயந்துபோவாள், அதனால்தான் மறைத்துப் பிடிப்பது என்றார். என் கையை மடக்கிக் காட்டிக்கொடுத்தார். எனக்கு வரவில்லை. அந்த மரத்தில் அவருடைய விரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதில் அடங்கவில்லை.

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது ஊரில் யார் வயல் விளைந்தாலும் பெண்கள் அனி-அனியோடு போவார்கள். ஒரே வயலில் நூற்றுக்கணக்கில்கூட இறங்குவார்களாம். வயல்காரர் வராதே என்று சொல்ல முடியாது. அறுத்ததை உடையவர் வீட்டு முற்றத்தில் பிரிப்பார்கள். எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று பங்கு. நெருங்கிய உறவுக்குக் கூடுதல், அறியாதவருக்குக் குறைவு. இதற்குப் பெயர் 'பவோன்'. அப்புறம் அதே பெண்களுக்கு அந்த நெல்லை உரலில் குத்தும் வேலை.

ர., இதை நீங்கள் கூலி என்பீர்கள், தானம் என்பீர்கள். இரண்டும் இல்லை. அது அவருடைய சொத்து. பாட்டி எனக்குச் சொன்னது இப்படித்தான்: இந்த வயல், அந்த வயல், மசூதிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வயல். விரல் விட்டு எண்ணினார். பதினொன்று. தன் நிலத்தை எண்ணுகிற குரல்தான் அது.

1960களின் கடைசியில் குட்டை நெல் வந்தது. கதிர் ஒன்றுபோல விளையும், மணி சீக்கிரம் உதிரும். அதற்கு அரிவாள்தான் சரி. அரிவாள் வந்தால் நூறு பேர் வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் சின்ன அரவை இயந்திரங்கள் வந்து சில வருடங்களிலேயே உரல்கள் ஓய்ந்தன. அதோடு 'தெபாசான்' பரவியது: நிற்கிற பயிரையே வயல்காரர் வெளியூர் வியாபாரிக்கு விற்றுவிடுவார். வியாபாரி தன் ஆட்களோடும் தராசோடும் வருவார். உள்ளூர்க்காரருக்கு அக்கம்பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் போ என்று சொல்ல வாய் வராது. வியாபாரிக்கு என்ன? அவர் யாருக்கும் உறவில்லை, யார் வீட்டு நோட்டிலும் அவர் பெயர் இல்லை. சில இடங்களில் பவோன் பிழைத்தது. அங்கேயும் நடவும் களையும் கூலியில்லாமல் செய்தால்தான் அறுக்க விடுவோம் என்றார்கள். இருந்த உரிமையை உழைப்பைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

ஏன் யாரும் சண்டை போடவில்லை? இதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் போனது கிளாத்தேன். 1960இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. மக்கள்தொகை மிக அடர்ந்த பகுதிகளில் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஹெக்டேர் நன்செய். அது நடைமுறைக்கு வராமல் இழுத்தடித்தபோது, 1964இல் நிலமில்லாதவர்களும் குத்தகைக்காரர்களும் கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாயச் சங்கத்தோடு தாங்களே வயலில் இறங்கினார்கள். கிளாத்தேன் அதில் முன்னால் நின்ற மாவட்டம். 1965 அக்டோபரிலிருந்து கொலைகள் ஆரம்பித்தன. நாடு முழுக்க ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டிருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்குப் பிறகு நிலம், பங்கு என்று வாய் திறந்தாலே கம்யூனிஸ்ட். பாட்டியின் பதினொரு வயல்கள் கைவிட்டுப் போனது இந்த மௌனத்தில். நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவர் பெயரில் பத்திரம் ஒன்றும் இல்லையே.

1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். பசியைப் பார்த்த தலைமுறை அது. ஆனால் அந்தக் கணக்கில் பாட்டி எந்தப் பக்கத்தில் வருகிறார்? இப்போது அங்கே நிலச் சான்றிதழை வேகமாக வழங்குகிறார்கள். நல்லதுதான், என் கவலை அதுவல்ல. எழுதாமல் இருந்த எத்தனை சொத்துகள் முதலில் அழிந்தன, அப்புறம்தான் மிச்சத்தை எழுத ஆரம்பித்தார்கள் என்பதுதான். உங்களைப் போல நல்ல மனசோடு வருகிறவர்கள் 'இவர்களுக்குச் சொத்து எண்ணமே இல்லை' என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இல்லாத ஒன்றை யாரும் பறித்திருக்க முடியாது என்று ஆகிவிடுகிறது அல்லவா?

நான் அங்கே இருந்தபோது பக்கத்து வயலில் வியாபாரியின் ஆட்கள் அறுத்தார்கள். அவர்கள் கிளம்பும்வரை பாட்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, தாள்களுக்கு நடுவே விடுபட்ட கதிர்களைப் பொறுக்கினார். அனி-அனியை எடுத்துப் போகவில்லை. அந்த வயல் பதினொன்றில் ஒன்றா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை நண்பரின் ஊருக்குப் போனால் அவருடைய அம்மாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வீட்டில் அனி-அனி இருக்கிறதா, எந்த எந்த வயலுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். அவர் எண்ணினால் குறுக்கே பேசாதீர்கள். எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.