சொதிக் குறிப்பு சோறு போடுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் ஏழு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. நான்கு ஆண்டுகளாக வலைப்பூவில் நெல்லைச் சமையல் எழுதி வருகிறேன். கூகுள் விளம்பரம் சேர்த்துப் பதினான்கு மாதங்களில் ஒரே ஒரு முறை 100 டாலர் வந்தது. வாசகர்களோ இடிசாம்பார்ப் பொடி அனுப்ப முடியுமா, மறுவீட்டுச் சொதிக்கு (கல்யாணத்தை ஒட்டிய மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு) ஐம்பது பேருக்கு எத்தனை தேங்காய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் எழுதியே பொழுது போய்விடுகிறது. வலைப்பூவை வருமானமாக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேரலாமா? வேலையை விட்டு முழுநேரமும் எழுதலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், சகோதரி. 100 டாலரில் வங்கிப் பிடித்தம் போக 8,500 ரூபாய் கைக்கு வந்திருக்கும். நகைக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 85,000 ரூபாய்க்கு அதே 8,500 ஆகிறது. பதினான்கு மாதச் சம்பாத்தியம் பன்னிரண்டு மாத வட்டிக்குத்தான் காணும். அசல் அப்படியே நிற்கும். கணக்கு எழுதுகிறவருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரக் காசு மாதத்துக்கு 600 ரூபாய். அது உங்கள் சம்பளத்தை எட்ட வேண்டுமானால் வாசகர் கூட்டம் முப்பது மடங்காக வேண்டும். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. விளம்பரத்தின் விலை ஏலத்தில் முடிவாவதால், வாசகர் எந்த நாட்டில் இருந்து படிக்கிறார் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அம்பாசமுத்திரத்தில் இருந்து படிப்பவரைவிட கனடாவில் இருந்து படிப்பவரால் கூடுதலாகக் கிடைக்கும். வாசகர் கூட்டம், விளம்பர விலை இரண்டுமே உங்கள் கையில் இல்லை. கணக்கில் 100 டாலர் சேரும் வரை பணம் வராது, ஆனால் சேர்ந்தது போகாது. அது பாட்டுக்குச் சேரட்டும்.

பொழுது போய்விடுகிறது என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அந்தக் கேள்விகளில்தான் பணம் இருக்கிறது. நம் வீடுகளில் சொதியை யாரும் அளவு பார்த்து வைப்பதில்லை. தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், முதல் பால் விட்ட பிறகு கொதிக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். நாலு பேருக்கு வைக்கும்போது கை தானாகவே இதைச் செய்துவிடும். மறுவீட்டுக்கு ஐம்பது பேர் என்றால் எத்தனை தேங்காய், எவ்வளவு பாசிப்பருப்பு, இஞ்சித் துவையல் எத்தனை கிலோ என்று சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற நெல்லைப் பெண்களுக்கு யார் சொல்வது? அதை அளந்து, சமைத்துப் பார்த்து, 25, 50, 100 பேருக்கான பட்டியலோடு சிறு மின்னூலாக்குங்கள். விலை 150 ரூபாய், மாதம் பத்துப் பேர் வாங்கினால் 1,500. இப்போதைய விளம்பர வரவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல் போடலாம், ஆனால் இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் மின்னூலை அவர்களிடம் மட்டுமே விற்க ஒப்புக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ.யில் பணம் வாங்கி நீங்களே அனுப்பினால் முழுத் தொகையும் உங்களுக்கு.

பொடி அடுத்த கட்டம். வீட்டில் தயாரித்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பொட்டலத்தில் பதிவு எண், எடை, தயாரித்த தேதி வேண்டும். மல்லி, மிளகாய் வற்றல், கடலைப்பருப்பு, கூரியர் எல்லாம் செலவில் எழுதுவீர்கள். வறுத்து இடிக்கிற உங்கள் நேரத்துக்குக் கூலி போடுவீர்களா? வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் பலரிடம் நான் பார்க்கும் நோட்டுகளில் அந்தக் கூலிக் கணக்கு மட்டும் இருப்பதில்லை. லாபம் என்று நினைத்தது பெரும்பாலும் அவர்களுடைய கூலிதான்.

வேலையை இப்போது விடாதீர்கள். 18,000 சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 135 ரூபாய். அந்தப் பணத்துக்குக் குடும்பத்துக்கே மருத்துவம் தருகிற காப்பீடு வெளியில் கிடையாது. பி.எஃப்.பில் மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று பாக்கி. இன்னொன்று, உங்கள் எழுத்து கல்யாணத்தோடு ஒட்டியது. தையிலும் ஆவணியிலும் வரவு ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் வற்றிவிடும். தை மாத வரவைப் பார்த்து ராஜினாமாக் கடிதம் எழுதினால் ஆடியில் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆடி, மார்கழி இரண்டையும் சேர்த்து ஒரு முழு ஆண்டு வரவில் செலவு போக மிஞ்சியதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அது சம்பளத்தைத் தாண்டி, ஆறு மாத வீட்டுச் செலவும் வங்கியில் தனியாக இருந்தால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். விளம்பரமும் விற்பனையும் வணிக வருமானம். இப்போதைய தொகையில் சம்பளத்தோடு கூட்டினாலும் வரி வராது. விளம்பரத்துக்கும் மின்னூலுக்கும் ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிய பிறகான கவலை. பொடியை வெளிமாநிலத்துக்கு விற்றால் மட்டும் தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். ஆனால் இந்த வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி தரும் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பாத்திர நிறுவனங்கள் சட்டியும் குக்கரும் இலவசமாக அனுப்பிப் புகழ்ந்து எழுதச் சொல்வார்கள். வாங்கிக்கொண்டால், அது விளம்பரம் என்று வலைப்பூப் பதிவிலேயே சொல்ல வேண்டும். பதிவு தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும் என்கிறது 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல். ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகத் தந்தால் 10 சதவீத வரிப் பிடித்தமும் உண்டு.

இலவச இணைய முகவரியில் எழுதுகிறீர்கள் என்றால், சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் ஆகும். நான்கு ஆண்டு எழுத்தையும் பிரதியெடுத்து வீட்டில் ஒரு பென் டிரைவில் வையுங்கள். இந்த ஆண்டு வலைப்பூவுக்காகக் கைக்காசு செலவழிப்பது இவ்வளவோடு நிற்கட்டும்.