ஸ்ட்ரட்டைக் கழற்றி காயில்ஓவர்: இந்த வாரக் கடிதங்கள்

(ஸ்ட்ரட் என்பது சக்கரத்துக்கு மேல் ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்து நிற்கும் தூண். காயில்ஓவர் என்பது, மரை போட்ட குழாயில் ஸ்ப்ரிங் தட்டை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தை மாற்றக்கூடிய செட்.)

கேள்வி: 2012 ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். முன்பக்க ஸ்ட்ரட்டை எடுத்துவிட்டு காயில்ஓவர் போட ஆசை. கையில் பணம் குறைவு. எங்கே தொடங்குவது? (தண்டையார்பேட்டை)

பதில்: இருக்கும் பணத்தில் கால் பங்கை முதலில் தனியே எடுத்து வையுங்கள். டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியை பாடியோடு பிடிக்கும் பாகம்), அதன் பேரிங், லிங்க் ராடு, வீல் அலைன்மென்ட் எல்லாம் அதில்தான். பழைய டாப் மவுண்டையே திரும்பப் போட்டால் புது செட்டும் முதல் வாரத்திலேயே டொக் டொக் என்று தட்டும். மீதியில் நல்ல டேம்பர், அதாவது ஷாக், வாங்கப் பாருங்கள். மரை போட்ட குழாய் உயரத்தைத்தான் மாற்றும். வண்டி துள்ளாமல் நிற்பது டேம்பரால். ஸ்விஃப்டில் பின்பக்கம் ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி. முன்னால் மட்டும் இறக்கிவிட்டுப் பின்னால் அப்படியே விடாதீர்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட். 500 கிலோமீட்டர் ஓடி ஸ்ப்ரிங் படிந்தபின் மறுபடியும் அலைன்மென்ட்.

கேள்வி: 7 கிலோ ஸ்ப்ரிங் மலிவாகக் கிடைக்கிறது. கம்பெனி ஷாக்கிலேயே போடலாமா? (எண்ணூர்)

பதில்: போடாதீர்கள். சின்ன கார் ஒன்றில் முன்சக்கரத்து ஸ்ப்ரிங் ஒவ்வொன்றும் சுமார் 250 கிலோ தாங்குகிறது என்று வையுங்கள். கம்பெனி ஸ்ப்ரிங் ஏறத்தாழ 2 கிலோ, அதாவது 1 மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும். வண்டி நிற்கும்போதே அது 125 மி.மீ. அமுங்கியிருக்கும். 7 கிலோ ஸ்ப்ரிங் 35 மி.மீ.தான் அமுங்கும். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட உங்கள் பக்கத்துச் சாலையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த 35-ஐத் தாண்டிவிடும். ஸ்ப்ரிங் தான் உட்காரும் தட்டை விட்டுத் தளர்ந்து கடகடக்கும். அப்புறம், 2 கிலோவுக்குச் செய்த டேம்பரால் 7 கிலோ துள்ளலை அடக்க முடியாது. ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு மூன்று முறை குதிப்பீர்கள். 4 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். அதற்கும் ஏற்ற டேம்பர் வேண்டும், தளர்வு வராமல் இருக்க ஹெல்பர் ஸ்ப்ரிங்கும் (பெரிய ஸ்ப்ரிங்கோடு சேர்த்துப் போடும் சின்ன, மெல்லிய ஸ்ப்ரிங்) வேண்டும்.

கேள்வி: எவ்வளவு இறக்கலாம்? (வியாசர்பாடி)

பதில்: என்ன வண்டி, எந்த வருடம், என்ன டயர்? ஒன்றும் எழுதாமல் அளவு கேட்டால் நான் எதைச் சொல்வது? பொதுவாக 25 முதல் 30 மி.மீ. போதும். வண்டி தரையில் நிற்கும்போது லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) வெளிமுனை உள்முனையை விட மேலே ஏறியிருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ஸ்ட்ரட்டில் இருக்கும் ஸ்ப்ரிங் தட்டை அறுத்துவிட்டு, மரை போட்ட ஸ்லீவுக்கு (ஸ்ட்ரட் மேல் மாட்டும் உறைக் குழாய்) ரிங் வைத்து வெல்டிங் செய்தால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். சரிதானா? (மணலி புதுநகர்)

பதில்: எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் அறுக்கப் போகும் குழாய் வெறும் குழாய் அல்ல. உள்ளே கால் லிட்டருக்கு மேல் எண்ணெய், அதற்கு மேல் அழுத்தத்தில் நைட்ரஜன், உச்சியில் ரப்பர் சீல். வெளியே ஆர்க் பிடித்தால் உள்ளே எண்ணெய் கொதித்து ஆவியாகும். மூடிய குழாய்க்குள் ஆவிக்குப் போக வழி ஏது? வெடித்தால் முகத்துக்கு நேரேதான் வெடிக்கும்.

வெடிக்கவில்லை என்றாலும் பிழைத்தோம் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் இப்படி வெல்டிங் செய்த ஒரு ஜோடி என் மேஜைக்கு வந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ராடைக் கையால் அமுக்கினேன். பாதி வழியில் நெறுநெறுவென்று பிடித்தது, விட்டால் மேலே எழவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்குழாய் வெல்டிங் போட்ட பக்கம் லேசாகக் கோணியிருந்தது. சீல் விரலால் கிள்ளினால் உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அந்த வண்டி அந்த ஷாக்கோடு இரண்டு மாதம் ஓடியிருக்கிறது, பின் சீட்டில் குழந்தைகளோடு.

செய்தே ஆக வேண்டும் என்றால் வழி உண்டு. உச்சியில் நட்டு போட்ட பழைய வகை ஸ்ட்ரட் என்றால் நட்டைக் கழற்றி, எண்ணெய், பிஸ்டன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, காலிக் குழாயில் மட்டும் வெல்டிங் செய்து, பிறகு புது இன்சர்ட் (குழாய்க்குள் வைக்கும் தயார் ஷாக்) போடலாம். மூடி சீல் வைத்த ஸ்ட்ரட்டில் கை வைக்காதீர்கள். தட்டை அறுக்காமல் அதன் மேலேயே உட்காரும் ஸ்லீவும் கிடைக்கிறது. ஆனால் பல வண்டிகளில் தட்டு சாய்வாக இருக்கும், அதில் நேராக உட்காராது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் வண்டிக்கென்றே செய்த முழு செட்டுக்குப் பணம் சேரும்வரை பொறுங்கள்.

கேள்வி: காயில்ஓவர் போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது, லாக் ரிங் (ஸ்ப்ரிங் தட்டை மரையில் இறுக்கிப் பிடிக்கும் ரிங்) அசையவே மாட்டேன் என்கிறது. (காசிமேடு)

பதில்: கடல் காற்று. அலுமினிய ரிங்கும் இரும்புக் குழாயும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, நைலான் பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஸ்ப்ரிங் பாரம் இறங்கியபின் சி-ஸ்பேனரால் திருப்புங்கள். சுத்தியல் வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே வேண்டாம். இனி ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை ரிங்கை அசைத்துவிடுங்கள். மாற்றினால் அலைன்மென்ட்.

கேள்வி: அப்பாவின் அம்பாசடருக்கு எந்த காயில்ஓவர் பொருந்தும்? (பெரம்பூர்)

பதில்: அதில் ஸ்ட்ரட்டே இல்லை. முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்ப்ரிங் வேலை செய்யும் கம்பி. புஷ்களை மாற்றி அப்படியே ஓட்டுங்கள், நன்றாக இருக்கும்.

கேள்வி: போலீஸ் பிடிப்பார்களா? (திருவொற்றியூர்)

பதில்: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: கம்பெனி ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்று அறுத்தால் போதாதா? (கொருக்குப்பேட்டை)

பதில்: கூடாது. அறுத்த முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்ப்ரிங் இடம் விட்டு நகரும்.