சுவிசில் கொடுக்கும் ஹெரோயின் வைத்தியம் கொழும்பில் கிடைக்குமா?

கேள்வி: மகனுக்கு 24 வயது. நான்கு வருடமாக ஈயத்தாளில் வைத்துக் குடு (ஹெரோயின் தூள்) இழுக்கிறான். சுவிசில் இருக்கும் என் தம்பி, "இங்கே டொக்டர்மாரே ஹெரோயின் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள்" என்கிறான். இங்கே அப்படி உண்டா? இல்லாவிட்டால் அவனை அங்கே அனுப்பலாமா?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி சொன்னது பொய்யில்லை அம்மா, பாதிக் கதை.

சுவிசில் இதை 1994இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 2008இல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தபோது 68 வீதமானோர் ஆதரித்தார்கள். டொக்டர் எழுதித்தரும் துண்டைக் காட்டி பாமசியில் வாங்கிவரும் மருந்து அல்ல இது. நோயாளி காலையில் கிளினிக்குக்குப் போக வேண்டும். குடித்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். குடித்திருந்தால் அந்த வேளை மருந்து சந்தேகம்தான். தாதி அளந்து கொடுக்கும் ஊசியை அவர் கண்முன்னே தானே போட்டுக்கொண்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று தெரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னேரம் மறுபடியும் அதே. ஞாயிறு, பெருநாளிலும் இப்படித்தான். நிலை சீரானவர்களுக்கு மட்டும் சில நாளுக்கான குளிசையை வீட்டுக்குக் கொடுப்பதுண்டு. குணப்படுத்துவதென்பதும் சற்றுப் பெரிய வார்த்தை. பலர் வருடக்கணக்காக அந்த மருந்திலேயே இருக்கிறார்கள். ஆனால் கலப்படத் தூளும் காசுக்கான களவும் குறைகின்றன. நாளுக்கு இரண்டு தடவை ஒரு தாதி முகத்தைப் பார்ப்பதே பெரிய வைத்தியம் என்பது என் எண்ணம்.

அங்கேயும் இது கடைசிப் படிதான். 18 வயது தாண்டி, இரண்டு வருடமாவது அடிமையாக இருந்து, வேறு சிகிச்சைகள் இரண்டு முறையாவது தோற்றவர்களுக்கே கிடைக்கும். உங்கள் மகன் அங்கேயே பிறந்திருந்தாலும் முதலில் ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் போன்ற மருந்துதான் கொடுத்திருப்பார்கள். இதற்கென்று விசா எடுத்துத் தருவதாக யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இலங்கையில் இந்த முறை இல்லை. 1984இல் திருத்திய சட்டப்படி, இங்கே 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? 1927க்கு அழையுங்கள், அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போகலாம். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். நிறுத்திய அன்றே கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், எலும்புக் குடைச்சல் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஒரு கிழமையில் பெரும்பாலும் தணியும். அதற்காகத் தெரிந்தவர் கொடுக்கும் நோவுக் குளிசைகளை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது அதற்கு அடுத்த கிழமைகளுக்குத்தான். உடம்பு பழைய அளவை மறந்திருக்கும். அவன் மறந்திருக்க மாட்டான். அதே அளவை மறுபடி இழுத்தால் மூச்சு நின்றுவிடலாம். குறட்டைபோல மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்து, தட்டியும் எழும்பவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். என்ன பாவித்தான் என்பதை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.